எந்த ஆபத்துக்கும் நானே பொறுப்பு

பள்ளிப் பேருந்து ஓட்டுநர்களில் பிள்ளைகள் பட்டப்பெயர் வைத்துக் கூப்பிட்டது அவர் ஒருவரைத்தான். நிதானம். அவர் ஓட்டும் பேருந்தை நடந்து போகிறவர்களே முந்திவிடுவார்கள் என்று மேல்வகுப்புப் பையன்கள் கேலி பேசுவார்கள். பிள்ளைகள் வாயில் பிறந்த பெயர் பணிமனைக்குப் போய், அங்கிருந்து வீட்டுக்கும் வந்து சேர்ந்துவிட்டது. "நிதானம் வந்தாச்சா?" என்று மனைவியே உள்ளேயிருந்து குரல் கொடுப்பாள். "வந்துக்கிட்டே இருக்கேன்" என்பார் அவர், செருப்பைக் கழற்றியபடி.

வேகம் இல்லையே தவிர, வேலையில் குறை சொல்ல முடியாது. கடைசிப் பிள்ளை உட்கார்ந்து பையை மடியில் வைத்த பிறகுதான் கியர் போடுவார். இத்தனை வருஷத்தில் வண்டியில் ஒரு கீறல் விழுந்ததில்லை. ஆனால் ஒரே இருக்கையில் உட்கார்ந்து உட்கார்ந்து முதுகு பிடித்துக்கொண்டது. காலையில் எழுந்திருக்க முதலில் ஒரு பக்கமாகப் புரண்டு, கட்டில் விளிம்பைப் பிடித்து, பிறகுதான் நிமிர வேண்டியிருந்தது. டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, "எலும்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு. தசைதான் வேலை செய்ய மறந்துபோச்சு. ஏதாவது ஜிம்முக்குப் போங்க" என்றார்.

ஜிம் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. தங்கையின் கணவர் அப்போதுதான் ஒரு பழைய கிடங்கை வாடகைக்குப் பிடித்து, சுவரெல்லாம் கண்ணாடி பதித்து, ஜிம் ஒன்றைத் திறந்திருந்தார். முன்மேசையில் உட்கார்ந்து வருகிறவர்களைச் சேர்ப்பது தங்கையின் வேலை. அண்ணன் துண்டும் தண்ணீர்ப் போத்தலுமாக வந்து நின்றதைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"அண்ணா, நீ இங்க வந்து ஓடப்போறியா? மெஷினே தூங்கிடும்."

"ஓடலை. டாக்டர் இழுக்கச் சொன்னார்."

அவள் மேசைக்குள்ளிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினாள். "இதுல ஒரு கையெழுத்து போட்டுடு. எல்லாரும் போடுறதுதான்."

பொடி எழுத்தில் இரண்டு பக்கம். படிக்கிற கண்ணாடி வீட்டில் இருந்தது. அவள் விரல் வைத்த இடத்தில் அவர் கையெழுத்துப் போட்டார்.

மாப்பிள்ளை புதிதாக வாங்கிப் போட்டிருந்த மெஷின் ஒன்றை அவருக்கு ஒதுக்கினார். உட்கார ஒரு மெத்தை இருக்கை. தலைக்கு மேலே நீளமான இரும்புக் கம்பி. கம்பியை மேலேயுள்ள கேபிள் ஒன்று பிடித்திருக்கும். அந்தக் கேபிளின் மறுமுனையில் எடைத் தட்டுகள். கம்பியைப் பிடித்து நெஞ்சுவரை இழுக்க வேண்டும், மெல்ல விட வேண்டும். மெல்ல விடுவதில் அவரை யாரும் மிஞ்ச முடியாது என்று மாப்பிள்ளை சொன்னார். சில வாரங்களில் முதுகு நிஜமாகவே இளகிவிட்டது. கட்டில் விளிம்பைப் பிடிக்காமல் எழுந்த காலையில் மனைவி அவரை ஒருமாதிரி பார்த்துவிட்டு, "அடுத்து மாடிப்படி ஓடி ஏறுவீங்க போல" என்றாள்.

அது நடந்தது ஒரு சாதாரணச் சாயங்காலம். பிள்ளைகளை இறக்கிவிட்டு, வண்டியைக் கழுவி நிறுத்திவிட்டு வந்திருந்தார். வழக்கமான எடைதான். கம்பியை இழுத்துக்கொண்டிருந்தபோது தலைக்கு மேலே போத்தல் மூடி திறந்தது மாதிரி ஒரு சின்னச் சத்தம். மறுகணம் கேபிள் இல்லை. கம்பி மட்டும் அவர் கையோடு, அவர் பலத்தோடு, அவர் மேலேயே வந்தது. கழுத்தும் தோளும் சேருகிற இடத்தில் அடித்தது. அவர் பக்கவாட்டில் சரிந்தார். உடம்பு கீழே போக, வலது கை மட்டும் பக்கத்து மெஷினின் சட்டத்தில் மாட்டிக்கொண்டு மேலேயே நின்றுவிட்டது. ஓடி வந்த மாப்பிள்ளை முதலில் கையைத்தான் எடுத்துவிட்டார். எடுத்த கை பொத்தென்று மடியில் விழுந்தது. யாரோ ஒருவருடைய கையை மடியில் வைத்தது மாதிரி இருந்தது அவருக்கு.

ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர் ஊசி முனையால் விரல் நுனியிலிருந்து மேல்நோக்கி ஒவ்வொரு இடமாகத் தொட்டுக்கொண்டே வந்தார்.

"தெரியுதா?"

"தெரியலை."

"இங்க?"

"தெரியலை."

முழங்கைக்கு மேலே வந்த பிறகுதான் ஏதோ தொடுகிறது என்றாவது சொல்ல முடிந்தது. கழுத்திலிருந்து கைக்குப் போகிற நரம்புகள் இழுபட்டுக் கிழிந்திருப்பதாக டாக்டர் சொன்னார். அறுவை சிகிச்சை செய்யலாம். முழங்கையை மடக்க வரும். விரல்களைப் பற்றி இப்போது எதுவும் சொல்ல முடியாது. மனைவி வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனாள். அவர் சுவரிலிருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாளைக்கு வண்டியை யார் எடுப்பார்கள் என்று மட்டும் யோசித்தார்.

வீட்டுக்கு வந்த பிறகும் அப்படியேதான் இருந்தார். மனைவி மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்பவள். தளர்ந்த சட்டங்களுக்குக் குட்டித் திருகாணி முடுக்கிக் கொடுத்துப் பழகிய கை. அந்தக் கையால் தினமும் காலையில் அவருக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிட்டு ஓடுவாள். வெளியூரில் படிக்கும் மகள் தினமும் போன் பண்ணிக் கேட்பாள். "பரவாயில்லைம்மா" என்பார். பணிமனை ஆட்கள் கூட்டமாக வந்து, சுற்றி உட்கார்ந்து, "எல்லாம் சரியாகிடும்" என்று சொல்லிவிட்டு, பிறகு தங்களுக்குள் டயர் விலையைப் பற்றிப் பேசினார்கள். அவர் கேட்டுக்கொண்டிருந்தார். அழுகை வரவில்லை, கோபம் வரவில்லை. எதையாவது நினைக்கலாம் என்று உட்கார்ந்தால், நினைப்பும் பாதி வழியில் நின்றுபோனது.

"ஒரு தடவை கத்தித் தொலைங்களேன்" என்றாள் மனைவி ஒருநாள், சோறு பிசைந்த கையோடு. "நான் உங்ககூட இருக்கேனா, சுவத்துகூட இருக்கேனான்னு தெரியலை."

"கத்தணும்னு தோணலைம்மா. தோணினா கத்தமாட்டேனா?"

தங்கை வந்தால் வாசலிலேயே நிற்பாள். மாப்பிள்ளை வருவதையே நிறுத்திவிட்டார். ஆஸ்பத்திரியில் கூடவே இருந்தவர்தான், அதன் பிறகு போனில் மட்டும், "எப்படி இருக்கீங்க மச்சான்?" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவார். மச்சான் தன் மேல் வழக்குப் போட்டுவிடுவாரோ என்று அவருக்குப் பயம். அந்தப் பயம் தெரிந்ததால் மனைவிக்கு இன்னும் எரிச்சல்.

அறுவை சிகிச்சை முடிந்த பிறகு, மெஷினைத் தயாரித்த கம்பெனிக்கு மனைவி ஒரு கடிதம் எழுதினாள். பதில் சீக்கிரமே வந்தது. நடந்ததற்கு வருந்துகிறார்களாம். ஆனால் ஜிம்மில் சேரும்போது அவர் எழுதிக் கொடுத்த உறுதிமொழியில், ஏற்படும் எந்த ஆபத்துக்கும் தானே பொறுப்பு என்றும், ஜிம்மின் உரிமையாளர், ஊழியர், கருவிகளைத் தயாரித்தவர் எவர் மேலும் எந்தக் கோரிக்கையும் வைக்கமாட்டேன் என்றும் ஒப்புக்கொண்டிருக்கிறாராம். பிரதி இணைக்கப்பட்டிருந்தது. கீழே அவர் கையெழுத்து, தெளிவாக.

"அப்போ அவ்வளவுதானா?" என்றாள் மனைவி.

"நான்தானே போட்டேன்" என்றார் அவர்.

அவள் விடவில்லை. கண்ணாடிக் கடைக்கு வருகிற வாடிக்கையாளரில் ஒரு வக்கீலம்மா இருந்தார். ஜெராக்ஸ் கடைக்கு மேலே சின்ன அறை. நாற்காலிகளின் மேலும் கோப்புகள். வக்கீலம்மாவுக்கு நல்ல ஜலதோஷம். மூக்கைத் துடைத்தபடியே தாளை ஒருமுறை, பிறகு இன்னொருமுறை படித்தார்.

"இதைப் பார்த்து பயந்துட்டீங்களா?"

"பயம்னு இல்லைங்க. என் கையெழுத்துதானே அது" என்றார் அவர்.

"இருக்கட்டும். கையெழுத்து உங்களுதுதான், இல்லைன்னு சொல்லவே வேண்டாம். ஆனா நீங்க எதுக்கு ஒத்துக்கிட்டீங்கங்கிறதுதான் கேள்வி. எடையைத் தூக்கறப்போ சுளுக்கிக்கிச்சு, கால்ல போட்டுக்கிட்டீங்க, அளவுக்கு மீறி இழுத்துட்டீங்க, அதெல்லாம் உங்க பாடு. ஜிம்முக்குப் போற எவனுக்கும் அது தெரியும். ஃபாக்டரியிலேயே தப்பா செஞ்சு அனுப்பின சாமான் அப்படியில்ல. அது அவங்க பாடு. அதை உங்க தலையில கட்டுறதுக்கு ஒரு தாள் போதாது. அதுவும் இந்தத் தாளை நீங்க கொடுத்தது ஜிம்முக்கு. கம்பெனிக்காரன் அங்க நிக்கவே இல்லை."

"ஆனா அவங்க பேரும் அதுல இருக்கே?" என்றாள் மனைவி.

"ஆமா, அதைத்தான் பிடிச்சுத் தொங்குவாங்க. நாம வாதாடணும். எல்லா நீதிபதியும் ஒரே மாதிரி பார்க்கமாட்டாங்க, அதையும் சொல்லிடறேன். ஆனா அதுக்கெல்லாம் முன்னாடி, தப்பு சாமான்லதான்னு நிரூபிக்கணும். அந்த மெஷின் இப்ப எங்க இருக்கு?"

"மாப்பிள்ளை ஜிம்லதான்."

"கேபிளோட?"

"அப்படியேதான் இருக்கணும்."

வக்கீலம்மா தும்மிவிட்டுச் சொன்னார்: "அது அங்கேயே இருக்கணும். ஒரு ஆணிகூட நகரக்கூடாது."

வீட்டுக்கு வந்ததும் மனைவி தங்கைக்குப் போன் போட்டு, அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் சொல்லிவிட்டு வைத்தாள். அவர்கள் இருவருக்கும் இடையே அப்போது அதற்கு மேல் பேச்சில்லை.

அவர்களுக்குத் தெரியாத ஒன்று இருந்தது. கம்பெனி ஆள் ஒருவர் ஏற்கெனவே மாப்பிள்ளையைப் பார்த்து, அந்தத் தாளின் பிரதியையும் வாங்கிக்கொண்டு போயிருந்தார். பழைய மெஷினைப் பரிசோதனைக்கு எடுத்துக்கொள்கிறோம், பதிலுக்குப் புது மாடல் ஒன்று இலவசமாகத் தருகிறோம், உங்கள் மேல் எந்தப் பழியும் வராமல் பார்த்துக்கொள்கிறோம் என்று தேனொழுகப் பேசியிருந்தார். ஜிம்மில் ஆள் வரத்து குறைந்துகொண்டிருந்த நேரம். மாப்பிள்ளை சரி என்று தலையாட்டிவிட்டார்.

லாரி வந்த காலையில் தங்கை முன்மேசையில் இருந்தாள். சுமை தூக்கும் ஆட்கள் இருவர் கயிறும் கம்பளியுமாக உள்ளே வந்ததைப் பார்த்தாள். கணவர் அவர்களுக்கு வழிகாட்டிக்கொண்டு முன்னால் போவதையும் பார்த்தாள். மேசையிலிருந்து எழுந்து, அவர்களைத் தாண்டிப் போய், அந்த மெஷினின் இருக்கையில் உட்கார்ந்துகொண்டாள்.

"எந்திரி. அவங்க எடுக்கணும்" என்றார் கணவர்.

"எடுக்கட்டும். என்னையும் சேர்த்து எடுக்கட்டும்."

"புது மெஷின் வெளிய நிக்குது. என்னன்னு புரியாம பேசாதே."

"எனக்கு நல்லா புரியுது. அந்தத் தாளை எடுத்து நீட்டினது நான். விரல் வெச்சுக் காமிச்சது நான். எங்க அண்ணன் படிக்கக்கூட இல்லை, நான் சொன்னேன்னு போட்டான். இதையும் தூக்கிக் கொடுத்துட்டு நான் எந்த முகத்தோட அங்க போய் நிக்கிறது?"

சுமை தூக்கும் ஆட்களுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. ஒருவர், "அக்கா, கொஞ்சம் எந்திரிச்சீங்கன்னா..." என்று இழுத்தார். அவள் பக்கத்திலிருந்த தண்ணீர்ப் போத்தலை எடுத்துக் குடித்துவிட்டு, கால்மேல் கால் போட்டுக்கொண்டாள். உடற்பயிற்சி செய்துகொண்டிருந்தவர்கள் எடையைக் கீழே வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். மத்தியானம்வரை அப்படியே. லாரிக்காரர் அடுத்த சவாரிக்கு நேரமாகிறது என்று ஹாரன் அடித்தார். கடைசியில் புது மெஷினைத் திரும்ப ஏற்றிக்கொண்டு போனார்கள். மாப்பிள்ளை கிடங்கின் பின் அறையைத் திறந்து, பழைய மெஷினை அதற்குள் தள்ளிப் பூட்டி, சாவியைத் தங்கையின் முன் வைத்தார்.

அன்று சாயங்காலம் தங்கை அந்தச் சாவியோடு அண்ணன் வீட்டுக்கு வந்தாள். வாசலில் நிற்கவில்லை; உள்ளே வந்து நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். சொல்லச் சொல்ல அவளுக்கே மூச்சு வாங்கியது. அண்ணி சாவியை வாங்கி அலமாரியில் வைத்தாள். பிறகு தங்கையின் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். தங்கை விசும்பி அழுதாள்.

அவர் இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தார். தனக்காக ஒருத்தி அரை நாள் அசையாமல் உட்கார்ந்திருக்கிறாள் என்பது புரிந்தது. புரிந்தது நெஞ்சுக்குள் இறங்கவில்லை, அவ்வளவுதான்.

"சாப்பிட்டியா?" என்று கேட்டார்.

"காலையிலேருந்து இல்லை."

"சாப்பிட்டுட்டுப் போ."

கம்பெனி மேல் வழக்குப் போட்டார்கள். நீதிமன்றம் அனுப்பிய பொறியாளர், இரு பக்கத்து வக்கீல்களின் முன்னால் கேபிளை எடுத்துப் பார்த்தார். கேபிளின் நுனியை வளைத்து ஒரு உலோக உறைக்குள் விட்டு, உறையை நசுக்கி இறுக்கியிருப்பார்கள்; அந்தப் பிடியில்தான் எல்லாம் நிற்கிறது. இந்தக் கேபிளுக்குப் போட்டிருந்த உறை ஒரு அளவு பெரியது. நசுக்கியும் பிடிக்கவில்லை. ஒவ்வொரு இழுப்புக்கும் மயிரிழை மயிரிழையாக நழுவி, ஒருநாள் முழுதாக வெளியே வந்துவிட்டது. உறையின் மேல் கறுப்புப் பிளாஸ்டிக் மூடி ஒன்று ஒட்டப்பட்டிருந்தது. அதை வெட்டினாலொழிய உள்ளே என்ன நடக்கிறது என்று ஜிம் வைத்திருப்பவருக்குத் தெரிய வழியில்லை. பொறியாளரின் அறிக்கையில் இதைப் படித்த அன்று மாப்பிள்ளை மாதக்கணக்கில் முதல்தடவையாக வீட்டுக்கு வந்தார். மச்சான் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். தண்ணீர் குடித்துவிட்டுப் போனார்.

உறையைப் பற்றிக் கம்பெனி அதிகம் பேசவில்லை. தாளைப் பற்றித்தான் பேசியது. சாட்சிக் கூண்டில் நின்ற அவரிடம் கம்பெனி வக்கீல் மரியாதையாகவே கேட்டார்.

"இது உங்க கையெழுத்துதானே?"

"ஆமாங்க."

"யாராவது கட்டாயப்படுத்தினாங்களா?"

"இல்லைங்க. என் தங்கச்சிதான் கொடுத்தா."

"தயாரிப்பாளர் மேல கோரிக்கை வைக்கமாட்டேன்னு இதுல இருக்கு. படிச்சீங்களா?"

"படிக்கலை. கண்ணாடி வீட்ல இருந்தது."

"சரி, படிச்சிருந்தா கையெழுத்து போட்டிருக்கமாட்டீங்களா?"

வக்கீலம்மா நாற்காலியில் நிமிர்ந்ததை அவர் ஓரக்கண்ணால் பார்த்தார். இல்லை என்று சொன்னால் நல்லது என்று தெரிந்தது. பொய் சொல்லவும் ஒரு தெம்பு வேண்டியிருக்கிறது. அவரிடம் அது இல்லை.

"போட்டிருப்பேங்க" என்றார்.

கம்பெனி வக்கீல் போதும் என்பதுபோலத் தலையசைத்தார். நீதிபதி பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "ஏன்?" என்று கேட்டார்.

"எல்லாரும் போடுறாங்க. அது இல்லாம உள்ள விடமாட்டாங்க. நான் ஏதாவது ஏடாகூடமா செஞ்சு அடிபட்டா என் தப்புன்னு நெனைச்சுதான் போட்டிருப்பேன். கேபிளே கையோட வந்துடும்னு யாருங்க நெனைப்பா? அப்படி நெனைச்சிருந்தா கையெழுத்து என்ன, அதுல உக்காந்தே இருக்கமாட்டேன்."

ஒரே சுருதியில், பேருந்து நிறுத்தங்களை ஒப்பிப்பது மாதிரி சொன்னார்.

தீர்ப்பு வர இழுத்தடித்தது. வந்த நாளில் நீதிபதி நீளமாகப் படித்தார். இந்தத் தாள் ஜிம்முக்கும் உறுப்பினருக்கும் இடையே ஆனது. உடற்பயிற்சியோடு கூடவே வருகிற ஆபத்துகளை மட்டும் இது மூடும். தொழிற்சாலையில் நேர்ந்த, யார் கண்ணுக்கும் தெரியாத குறை அந்த ஆபத்துகளில் சேராது. பொதுமக்கள் கையில் போய்ச் சேரும் ஒரு பொருளைப் பத்திரமாகச் செய்து அனுப்பும் கடமையை, தான் நேரில் பார்த்தேயிராத ஒருவரின் கையெழுத்தைக் காட்டிக் கம்பெனி கழற்றிப்போட முடியாது. ஜிம் மேல் குற்றமில்லை. சிகிச்சைக்கும், இழந்த பிழைப்புக்கும் கம்பெனி ஈடு கொடுக்க வேண்டும். அதே வகைக் கேபிள் போட்ட மெஷின்களை எல்லா இடத்திலிருந்தும் திரும்பப் பெற வேண்டும்.

வெளியே தாழ்வாரத்தில் வக்கீலம்மா அவர் இடது கையைப் பிடித்துக் குலுக்கினார். "அவங்க மேல போகலாம். ஆனா போகமாட்டாங்கன்னு நெனைக்கிறேன். என்ன, சந்தோஷம்தானே?"

அவர் கொஞ்சம் யோசித்தார். சந்தோஷம் எங்காவது இருக்கிறதா என்று நிஜமாகவே தேடிப் பார்த்தார்.

"பசிக்குதுங்க" என்றார்.

மனைவி சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே அழவும் செய்தாள். தங்கையும் மாப்பிள்ளையும் தூண் பக்கத்தில் நின்றிருந்தார்கள். "அண்ணா, நீங்களும் வாங்க, எல்லாரும் சேர்ந்து சாப்பிடலாம்" என்று மனைவி மாப்பிள்ளையைக் கூப்பிட்டாள். அவர் ஜிம்மைத் திறக்க வேண்டும் என்று ஏதோ சொல்லப் பார்த்தார். தங்கை முழங்கையால் இடித்ததும் பின்னால் வந்தார். ஓட்டலில் நான்கு பேரும் ஒரே மேசையில் உட்கார்ந்தார்கள். மாப்பிள்ளை அவர் தட்டைத் தன் பக்கம் இழுத்து, பெரிய துண்டுகளைச் சின்னதாக வெட்டி, திரும்ப அவர் முன் நகர்த்தினார். அவர் இடது கையால் சாப்பிட்டார்.

கம்பெனி மேல்முறையீட்டுக்குப் போகவில்லை. முழங்கை மடங்க ஆரம்பித்தது; விரல்கள் அப்படியே இருந்தன. ஓட்டுநர் உரிமம் போனது போனதுதான். பள்ளி நிர்வாகம் பணிமனை அலுவலகத்தில் அவருக்கு ஒரு நாற்காலி கொடுத்தது. பேருந்துகள் எங்கே வருகின்றன என்று ஓட்டுநர்களிடம் கேட்டுப் பெற்றோருக்குச் சொல்கிற வேலை. ஜன்னல் வழியே அவருடைய பழைய வண்டி தெரியும். இப்போது அதை ஓட்டுகிறவர் கொஞ்சம் வேகக்காரர். முன்பக்கத்தில் ஏற்கெனவே ஒரு கீறல் விழுந்திருந்தது. அதைப் பார்த்தபோது உள்ளே எங்கோ சுருக்கென்றது. அது என்னவென்று அவர் நின்று பார்ப்பதற்குள் போன் அடித்தது.

ஒரு தாயின் குரல். "ஏங்க, வண்டி இன்னும் வரலையே. மழை வேற தூறுது. பிள்ளை நனையுறா."

அவர் இடது கையால் ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டு, ஓட்டுநர் சற்றுமுன் சொன்ன இடத்தைச் சுவரிலிருந்த வழித்தட வரைபடத்தில் பார்த்தார்.

"பாலத்தைத் தாண்டிருச்சும்மா. நீங்க கடை ஓரமா ஒதுங்கி நில்லுங்க. வண்டி நின்ன பிறகு கூட்டிட்டு வந்தா போதும்" என்றார்.